பூவேலைக் கணிப்பொறியின் பூட்டும் சாவியும்

(இரண்டாமாண்டு இளமறிவியல், இயற்பியல் மாணவி எழுதியது)

வீட்டுக்குப் பூட்டு உண்டு. பெட்டிக்குப் பூட்டு உண்டு. மிதிவண்டிக்கும் பூட்டு உண்டு. கண்ணால் காண முடியாத மென்பொருளுக்குப் பூட்டு உண்டா? உண்டு. அதற்கு ஒரு சாவியும் உண்டு. கட்டைவிரல் அளவே உள்ள அந்தச் சாவியைக் கணிப்பொறியின் யு.எஸ்.பி. வாயிலில் செருகினால்தான் மென்பொருள் திறக்கும். எடுத்துவிட்டால் மூடிக்கொள்ளும். தொழில் செய்வோர் இதனை 'டாங்கிள்' என்று அழைக்கின்றனர். சென்ற வைகாசி மாதத்திற்குச் சற்று முன்னர் இந்தச் சிறு சாவி எங்கள் குடும்பத்தை ஒரு வார காலம் ஆட்டிப் படைத்தது. அப்போது நான் கற்றுக்கொண்டதை நண்பர்களோடும் பேராசிரியப் பெருமக்களோடும் பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

எங்கள் ஊர் அனுமந்தன்பட்டி. உத்தமபாளையத்திலிருந்து கம்பம் செல்லும் சாலையில் உள்ளது. ஒருபக்கம் பெரியாற்றுத் தண்ணீரில் விளையும் நெல், மறுபக்கம் பந்தல் பந்தலாகப் பன்னீர் திராட்சை. என் தந்தை திராட்சைத் தோட்டங்களில் கவாத்து வெட்டும் கூலித் தொழிலாளி. அக்கா பன்னிரண்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திக்கொண்டு திருப்பூருக்குப் போனாள். அங்கே பின்னலாடைத் தொழிற்சாலை ஒன்றின் பூவேலைப் பிரிவில் நான்கு ஆண்டுகள் வேலை செய்தாள். அவள் அனுப்பிய பணத்தில்தான் எங்கள் வீட்டிலிருந்து முதன்முதலாக ஒருத்தி கல்லூரி வாசலை மிதித்தாள். அந்த ஒருத்தி நான்.

ஊர் திரும்பிய அக்கா, சேமிப்போடு மகளிர் குழுக் கடனையும் சேர்த்து, பழைய ஒற்றைத் தலைப் பூவேலை இயந்திரம் ஒன்றை வாங்கினாள். அதற்குரிய மென்பொருளையும் சாவியையும் உரிமக் கடிதத்தோடு முறையாகத் தன் பெயருக்கு மாற்றி வாங்கினாள். இயந்திரத்தின் விலையில் ஏறக்குறையப் பாதி இந்தச் சாவிக்கே போயிற்று. மாதா மாதம் தவணை கட்ட வேண்டும். முகூர்த்த ஜாக்கெட், பள்ளிச் சட்டைப் பையில் வைக்கும் முத்திரை ஆகியவை அவளுக்கு வரும் வேலைகள்.

பூ எண்ணாக மாறும் விதம்

பூட்டைப் பற்றி அறியுமுன், அது எதைப் பூட்டுகிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். கைவேலையாக இருந்த பூத்தையலை இயந்திரத்துக்குக் கொண்டுவர 1828ஆம் ஆண்டிலேயே பிரான்சு நாட்டு ஹைல்மன் வழிகண்டார். 1863இல் சுவிட்சர்லாந்து நாட்டு ஐசக் குரோப்ளி தையல் இயந்திரத்தைப் போலத் தொடர்ந்த நூலில் ஓடும் பூவேலை இயந்திரத்தை அமைத்தார். பிற்காலத்தில் காகித நாடாவில் துளையிட்டு ஊசிக்கு வழிகாட்டினர். அதனால்தான் இன்றும் திரையில் வடிவம் அமைப்பதைத் தொழிலாளர்கள் 'பஞ்சிங்' என்றே சொல்கின்றனர். துளையிடுவது போய்விட்டது, பெயர் மட்டும் நின்றுவிட்டது. ஆஸ்திரேலியாவின் வில்காம் நிறுவனம் 1980இல் பூவேலை வடிவங்களைக் கணிப்பொறித் திரையில் அமைக்கும் முறையைக் கொண்டுவந்தது.

இன்று பெரும்பாலான இயந்திரங்கள் படிக்கும் கோப்பு 'டி.எஸ்.டி.' வகையாகும். இதில் ஒவ்வொரு தையலும் 3 பைட்டுகளில் அடங்கும். அடுத்த தையலுக்குச் சட்டம் இடம் வலமாக எவ்வளவு, முன் பின்னாக எவ்வளவு நகர வேண்டும் என்பது மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவில் குறிக்கப்பட்டிருக்கும். ஒரே நகர்வில் 12.1 மில்லிமீட்டருக்கு மேல் போக இயலாது. ஆக, மயிலும் மாங்காயும் இயந்திரத்தைப் பொறுத்தவரை எண்களின் வரிசையே.

இங்கு ஒன்றைக் கவனிக்க வேண்டும். தையல் இயந்திரத்துக்குச் சாவி வேண்டியதில்லை. முன்பே ஆயத்தமான கோப்பைப் பென் டிரைவில் கொடுத்தால் அது பாட்டுக்குத் தைக்கும். புதிய வடிவம் அமைக்க வேண்டும், பழையதன் அளவை மாற்ற வேண்டும், மணமக்களின் பெயரைக் கையில் பொறிக்க வேண்டும் என்றால்தான் மென்பொருள் வேண்டும். பூட்டு அங்கேதான் இருக்கிறது.

சாவி பிறந்த கதை

மென்பொருளைப் படி எடுப்பது எளிது. ஆண்டுக்கணக்கில் உழைத்து எழுதியதை ஒரு நிமிடத்தில் நகல் எடுத்துவிடலாம். இதனைத் தடுக்க, நகல் எடுக்க முடியாத பொருள் ஒன்றைக் கூடவே கொடுத்தால் என்ன என்ற எண்ணத்தில் பிறந்ததே டாங்கிள். 1980இல் 'கமடோர் பெட்' கணிப்பொறிக்கு வந்த 'வேர்ட்கிராஃப்ட்' என்னும் எழுத்து மென்பொருளோடு இவ்வகைச் சாவி வந்தது. டான் கால் என்பவர் கண்டுபிடித்ததால் 'டாங்கிள்' என்ற பெயர் வந்ததாக ஒரு கதை உலவுகிறது. அது சாவி தயாரித்த ஒரு நிறுவனத்தின் விளம்பரத்தில் புனையப்பட்ட கதை. அப்படி ஒரு மனிதர் இருந்ததே இல்லை.

பின்னர் அச்சுப்பொறியை இணைக்கும் 25 ஊசி வாயிலில் இச்சாவி மாட்டப்பட்டது. 1996இல் யு.எஸ்.பி. முறை வெளியானபின் இன்றைய வடிவம் பெற்றது. அந்த முறையை உருவாக்கிய இன்டெல் பொறியாளர்களில் முதன்மையானவரான அஜய் பட், பரோடாவில் படித்த இந்தியர் என்பது நாம் பெருமைப்படத்தக்க செய்தியாகும்.

சாவிக்குள் நடக்கும் உரையாடல்

சாதாரண யு.எஸ்.பி. 2.0 வாயிலில் நான்கு தொடுமுனைகள் உண்டு. ஓரத்து இரண்டும் 5 வோல்ட் மின்சாரத்துக்கு, நடுவிலுள்ள இரண்டும் செய்திக்கு. ஓரத்து முனைகள் சற்று நீளமானவை. எனவே செருகும்போது முதலில் மின்சாரம் சேர்கிறது, பிறகுதான் பேச்சு தொடங்குகிறது. சாவியிலுள்ள 1.5 கிலோ ஓம் தடையொன்று செய்திக் கம்பிகளில் ஒன்றின் மின்னழுத்தத்தை உயர்த்துகிறது. 'யாரோ வந்திருக்கிறார்கள்' என்று கணிப்பொறி அறிந்துகொண்டு, 'உன்னை உருவாக்கியவர் யார், உன் எண் என்ன?' என்று வினவுகிறது. விடை கிடைத்ததும் அதற்குரிய இயக்கியைத் தேடிப் பொருத்துகிறது. இயக்கி என்பது அந்தப் பொருளோடு பேசும் முறையைக் கணிப்பொறிக்குச் சொல்லும் சிறு நிரல்.

இதன் பிறகு மென்பொருள் தன் சோதனையைத் தொடங்குகிறது. இரவில் தோட்டத்துக்கு வருபவரைக் காவல்காரர் ஒரு அடையாளச் சொல் கேட்கிறார் என்று கொள்வோம். நாள்தோறும் ஒரே சொல் என்றால் ஒளிந்திருந்து கேட்டவன் மறுநாள் அதைச் சொல்லி உள்ளே வந்துவிடுவான். அதனால் மென்பொருள் ஒவ்வொரு முறையும் புதியதோர் எண்ணை அனுப்புகிறது. சாவி தனக்குள் மறைந்திருக்கும் இரகசிய எண்ணால் அதனை உருமாற்றித் திருப்பி அனுப்புகிறது. 'ஹாஸ்ப் எச்.எல்.' போன்ற சாவிகளில் இந்த உருமாற்றம் 128 பிட் இரகசிய எண்ணைக் கொண்டு நடைபெறுகிறது. இரகசிய எண் சாவியை விட்டு வெளியே வருவதே இல்லை. நகல் எடுக்க முடியாமைக்கு இதுவே காரணம். திறக்கும்போது மட்டுமல்ல, வேலை நடக்கும்போதும் இடையிடையே இந்தக் கேள்வி வரும். இதனை மறவாதீர்கள், பின்னால் தேவைப்படும்.

சாவி பார்ப்பதற்குப் பென் டிரைவ் போல இருந்தாலும் பென் டிரைவ் அன்று. செருகினால் புதிய டிரைவ் எதுவும் திரையில் தோன்றாது. 'ஒன்றுமே வரவில்லையே, கெட்டுவிட்டதோ' என்று அஞ்ச வேண்டியதில்லை.

நிறுவும் முறை

முதலில் சாவியை எடுத்துத் தனியே வையுங்கள். மென்பொருளையும் இயக்கியையும் நிறுவி, கணிப்பொறியை ஒருமுறை நிறுத்தி மீண்டும் இயக்குங்கள். பிறகு சாவியைச் செருகுங்கள். பழைய வகைச் சாவிகளுக்கு இந்த வரிசை மிக முக்கியம். முன்னதாகவே செருகிவிட்டால், விண்டோஸ் பொருந்தாத இயக்கியை அதற்கு ஒட்டிவிடக்கூடும்.

எல்லாம் சரியாக இருந்தால் சாவியிலுள்ள சிறு விளக்கு எரியும். ஹாஸ்ப் குடும்பச் சாவிகளுக்கு 'சென்டினல்' என்னும் உரிம மேலாளர் சேவை பின்னணியில் ஓட வேண்டும். அது ஓடுகிறதா என்றறிய, இணையம் பார்க்கும் உலாவியில் 'லோக்கல்ஹோஸ்ட்' என்று ஆங்கிலத்தில் அடித்து, முக்காற்புள்ளி இட்டு, 1947 என்று சேர்த்தால் ஒரு பக்கம் திறக்கும். நாடு விடுதலை பெற்ற ஆண்டு, எவரும் மறக்க முடியாது! இதற்கு இணைய இணைப்பே தேவையில்லை. அந்தப் பக்கத்தில் சாவிகளின் பட்டியலில் உங்கள் சாவி இருந்தால் அது உயிரோடு இருக்கிறது என்று பொருள். இச்சாவிகளை உருவாக்கிய இஸ்ரேல் நிறுவனமான அலாடின் 2009இல் சேஃப்நெட் வசமும், பின்னர் கைமாறி 2019இல் தேல்ஸ் வசமும் சென்றது. எனவே சாவியின் மேல் ஒரு பெயரும் திரையில் வேறொரு பெயரும் தோன்றினால் குழம்ப வேண்டாம்.

எங்கள் வீட்டில் நடந்தது

சித்திரைக் கடைசியில் எனக்குப் பருவத் தேர்வு நடந்துகொண்டிருந்தது. அக்காவிடம் வைகாசி முகூர்த்தத்துக்கு மூன்று மணப்பெண்களின் ஜாக்கெட்டுகள் இருந்தன. மூன்றிலும் மணமக்களின் பெயர் பொறிக்க வேண்டும். இரவு இரண்டு மணிக்குக்கூட அவள் அறையில் விளக்கு எரிவதைக் கண்டேன். வேலை அதிகம் போலும் என்று எண்ணிக்கொண்டேன். கடைசித் தேர்வு முடிந்த அன்று மாலைதான் அவள் வாயைத் திறந்தாள்.

"பாப்பா, பகல்ல சாவி செத்துப் போகுதுடி. ராத்திரியானா உயிர் வருது. ஒரு வாரமா ராத்திரிதான் டிசைன் போடுறேன். பரீட்சை நேரத்துல உன்கிட்ட எதுக்குச் சொல்லணும்னு விட்டுட்டேன்."

'சாவி கிடைக்கவில்லை' என்ற செய்தி திரையில் வரும், மென்பொருள் மூடிக்கொள்ளும், சேமிக்காத வேலை போய்விடும். நகரத்துக் கணிப்பொறிக் கடைக்காரர் ஒருவரிடம் காட்டியிருக்கிறாள். 'வெயில் சூட்டில் சாவி போய்விட்டது. புதிது வாங்க வேண்டும். இல்லையென்றால் 1,500 ரூபாய் கொடுங்கள், சாவியே இல்லாமல் ஓடும்படி செய்து தருகிறேன்' என்றாராம் அவர். அக்கா இரண்டுக்கும் ஒப்பாமல் வந்துவிட்டாள்.

நான் அறிவியல் மாணவி அல்லவா! உடனே களத்தில் இறங்கினேன். இயக்கியை நீக்கி மீண்டும் நிறுவினேன். மென்பொருளையும் நீக்கி நிறுவினேன். வைரஸ் தடுப்பு மென்பொருளை நிறுத்திப் பார்த்தேன். மறுநாள் பகல் முழுவதும் இதிலேயே கழிந்தது. அன்றிரவு எல்லாம் சரியாக ஓடியது. வெற்றி பெற்றதாக எண்ணி உறங்கினேன். அடுத்த நாள் பகல் பதினொரு மணிக்குச் சாவி மறுபடியும் செத்தது. நான் மார்தட்டிக்கொண்ட அறிவியல் என்னைப் பார்த்துச் சிரித்தது. அக்காவோ ஒன்றும் சொல்லவில்லை. முகூர்த்தத்துக்கு நான்கு நாட்களே இருந்தன.

எங்கள் ஆய்வக ஆசிரியர் அடிக்கடி கூறுவது அப்போது நினைவுக்கு வந்தது. கால்வனாமீட்டர் முள் அசையவில்லை என்றால் சூத்திரத்தைச் சந்தேகிக்காதே, முதலில் இணைப்புக் கம்பியைப் பார் என்பார். நான் மேலேயிருந்து தொடங்கியிருந்தேன். கீழேயிருந்து தொடங்கியிருக்க வேண்டும்.

அந்த நோக்கில் பார்த்தபோதுதான் கண்ணில் பட்டது. சாவி கணிப்பொறியில் நேராகச் செருகப்படவில்லை. மெல்லிய நீட்டிப்புக் கம்பி ஒன்றின் முனையில் நான்கு வாயில் கொண்ட கிளைப்பெட்டி. அதில் மவுஸ், பென் டிரைவ், சாவி, நான்காவதாக ஒரு சிறிய மேசை விசிறி. தகரக் கூரை அறையின் வெயில் தாங்காமல் அக்கா வாங்கியது. பகலில் விசிறி ஓடும், இரவில் ஓடாது. சாவியைக் கொன்றது வெயில் அன்று. வெயிலுக்காகப் போட்ட விசிறியே.

ஐயத்தை அளந்து தீர்ப்பதே முறை. கைபேசி பழுது பார்க்கும் அண்ணன் ஒருவரிடம் யு.எஸ்.பி. வாயிலில் மாட்டும் சிறு அளவுமானி இரவல் வாங்கினேன். விசிறி நின்றிருக்கும்போது கிளைப்பெட்டியில் 4.9 வோல்ட். விசிறி ஓடும்போது 4.2 வோல்ட். விசிறி இழுத்த மின்னோட்டம் 0.56 ஆம்பியர். ஓம் விதிப்படி 0.7 வோல்ட்டை 0.56ஆல் வகுத்தால் கம்பியின் தடை 1.25 ஓம். தனி மின்சாரம் பெறாத கிளைப்பெட்டியிலும் 4.40 வோல்ட்டுக்குக் குறையக்கூடாது என்பது யு.எஸ்.பி. 2.0 விதி. விசிறி சுழலத் தொடங்கும் நொடியில் அழுத்தம் இன்னும் தாழும். அப்போது சாவி மயங்கி விழுந்து எழும். அந்த நேரம் பார்த்து மென்பொருளின் கேள்வி வந்தால் பதில் சொல்ல ஆள் இருக்காது.

சாவியைக் கணிப்பொறியின் பின்புற வாயிலில் நேராகச் செருகினோம். விசிறிக்குக் கைபேசியின் மின்னூட்டியைக் கொடுத்தோம். செலவு ஒரு காசும் இல்லை. அன்று உச்சி வெயிலில், விசிறிக் காற்றில், மென்பொருள் ஒருமுறைகூட மூடவில்லை. மூன்று ஜாக்கெட்டுகளும் முகூர்த்தத்துக்கு முதல் நாளே போய்ச் சேர்ந்தன.

அடியிலிருந்து மேலே

இப்படியொரு சிக்கல் யாருக்கு நேர்ந்தாலும் கீழ்க்காணும் வரிசையில் பார்க்க வேண்டும்.

1. மின்சாரம்: சாவியின் விளக்கு எரிகிறதா, துடிக்கிறதா? கிளைப்பெட்டி, நீட்டிப்புக் கம்பி இரண்டையும் விலக்கி நேராகச் செருகுங்கள்.

2. இணைப்பு: வேறொரு வாயிலில் மாற்றிப் பாருங்கள். நூல்தூசியும் எண்ணெயும் படியும் இடம் இது. முனையை உலர்ந்த துணியால் துடையுங்கள்.

3. இயக்கி: விண்டோஸின் சாதன மேலாளரில் மஞ்சள் முக்கோணக் குறி உள்ளதா? இருந்தால் மட்டும் இயக்கியை மாற்றுங்கள். 64 பிட் விண்டோஸ் கையொப்பமில்லாத பழைய இயக்கிகளை ஏற்காது. புதியதைத் தயாரிப்பாளரிடமிருந்தே பெறுங்கள்.

4. சேவை: 1947 பக்கம் திறக்கிறதா? ஹாஸ்ப் வகையில் எச் 0033 என்ற பிழை எண் வந்தால் பின்னணிச் சேவை ஓடவில்லை. எச் 0007 என்றால் சேவை ஓடுகிறது, சாவிதான் கண்ணில் படவில்லை. இந்த இரண்டையும் பிரித்தறிந்தால் பாதி வேலை மிச்சம்.

5. உரிமம்: சாவி தெரிகிறது, மென்பொருள் மறுக்கிறது என்றால் அந்தப் பதிப்புக்குரிய உரிமம் சாவியில் இல்லாதிருக்கலாம். சாவியின் நிலையை ஒரு கோப்பாக எடுத்து விற்பனையாளருக்கு அனுப்பினால், அவர் தரும் மறுகோப்பால் உரிமத்தைப் புதுப்பிக்கலாம். சாவியை அஞ்சலில் அனுப்ப வேண்டியதில்லை.

இவற்றிலெல்லாம் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றுங்கள். நான் மூன்றை ஒரே நாளில் மாற்றியதால்தான் இரவில் தானாக ஓடியதை என் சாதனை என்று நம்பினேன்.

சாவி ஒரு பத்திரம்

1,500 ரூபாயில் முடியும் குறுக்குவழியை அக்கா ஏன் மறுத்தாள் என்று சிலர் கேட்கலாம். பூட்டை உடைத்த மென்பொருளோடு வேறு எது கணிப்பொறிக்குள் நுழையும் என்று எவரும் உறுதி கூற முடியாது. சட்டமும் விடாது. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012இல் சேர்க்கப்பட்ட 65ஏ பிரிவின்படி, உரிமையை மீறும் நோக்கத்தோடு இத்தகைய பாதுகாப்பை உடைத்தால் இரண்டாண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. பணம் இல்லாதோருக்கு நேர்வழி இல்லாமலும் இல்லை. 'இங்க்ஸ்டிச்' என்னும் கட்டற்ற மென்பொருள் சாவியின்றி, காசின்றி டி.எஸ்.டி. கோப்பு தயாரிக்கிறது. நம் மாணவர்கள் அதில் பழகலாம்.

அக்காவிடம் கேட்டபோது அவள் சட்டம் எதையும் சொல்லவில்லை. "நாலு வருசம் நின்னுக்கிட்டே வேலை பார்த்து வாங்குனதுடி. வீட்டுப் பத்திரம் மாதிரி. சொந்தப் பத்திரத்தை வச்சுக்கிட்டு எதுக்குத் திருட்டுப் பத்திரம்?" என்றாள்.

அதனால் சாவியை மதிப்போடு நடத்த வேண்டும். அதன் எண்ணைக் குறித்து வையுங்கள். ரசீதையும் உரிமக் கடிதத்தையும் பத்திரப்படுத்துங்கள். தொலைந்துபோனால் பல நிறுவனங்கள் முழு விலையையே மீண்டும் கேட்கும். கால் இடறாத, துணி உரசாத பின்புற வாயிலே அதற்குரிய இடம்.

ஓம் விதியை மேல்நிலைப் பள்ளியிலேயே படித்தேன். தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கினேன். அது எங்கள் வீட்டுத் தகரக் கூரையின் கீழ் ஒரு விசிறிக்கும் ஒரு சாவிக்கும் இடையே நின்றுகொண்டிருந்ததை அறிய எனக்கு இவ்வளவு காலம் ஆயிற்று. என்னைப் படிக்க வைக்கத் தன் படிப்பை நிறுத்தியவளுக்கு என் படிப்பால் செய்த முதல் உதவி அது. அது கடைசி உதவியாக இருக்கக்கூடாது என்பதற்காகவே இனி ஆய்வக வகுப்பில் கம்பிகளை முதலில் பார்க்கிறேன்.